எழுத்தும் எண்ணும்: வீட்டிலிருந்தே ஆடும் ஒரு தொலைக்காட்சி விளையாட்டு

சென்ற மாதம் எங்கள் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவுக்குத் தம் கணவரை அழைத்துவந்த அம்மையார் ஒருவர், சிகிச்சை பற்றிய கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்து, எழுந்து செல்லும் வேளையில் சற்றே தயங்கி நின்று இன்னொன்றும் கேட்டார். அவர்களுடைய மகள் இங்கிலாந்தில் வசிக்கிறார். பக்கவாதம் வருவதற்கு முன் கணவனும் மனைவியும் அங்கே ஆறு மாதம் தங்கியிருந்தனர். ஓய்வுபெற்ற கணக்காளரான அந்தப் பெரியவர், பிற்பகல்தோறும் தொலைக்காட்சியில் வரும் ஓர் எழுத்து, எண் போட்டியைத் தாளும் பேனாவுமாக அமர்ந்து தாமும் ஆடிப் பழகியிருக்கிறார். இப்போது மகள் ஞாயிறுதோறும் காணொளி அழைப்பில் அதே விளையாட்டை அவரோடு ஆடுகிறார். மூளைக்கு வேலை கொடுத்தால் பழையபடி ஆகிவிடும் என்பது மகளின் நம்பிக்கை. ஆனால் இரண்டு சுற்று முடிவதற்குள் பெரியவர் பேனாவை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அன்றிரவு அவருக்கு உணவு செல்வதில்லை. “இது அவருக்கு நல்லதா, கெட்டதா டாக்டர்? நிறுத்திவிடட்டுமா?” என்றார் அம்மையார்.

இதே கேள்வியை வேறு வடிவில் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. ஒருவர் குறுக்கெழுத்தைச் சொல்வார், மற்றொருவர் சுடோக்குவைச் சொல்வார். ஆகவே அக்குடும்பத்தாரின் இசைவோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர்களுக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம். அதற்கு முதலில் அந்த விளையாட்டையே அறிந்துகொள்ள வேண்டும்.

அதன் பெயர் ‘கவுண்ட்டவுன்’. பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி 1982 நவம்பர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டபோது அதில் முதன்முதலாக ஒளிபரப்பான நிகழ்ச்சி அதுவே. இன்றும் வார நாட்களின் பிற்பகலில் வந்துகொண்டிருக்கிறது. மூலக்கரு பிரெஞ்சுக்காரர்களுடையது. ஆர்மான் ஜாம்மோ என்பவர் 1965இல் ‘மிக நீளமான சொல்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சொற்போட்டியைத் தொடங்கினார். 1972இல் அதனோடு எண்களும் சேர்ந்து ‘எண்களும் எழுத்துகளும்’ என்ற பெயரைப் பெற்றது. பிரான்சில் அந்நிகழ்ச்சி 2024இல்தான் நிறைவடைந்தது. பிரிட்டனில் ரிச்சர்ட் வைட்லி 2005இல் தாம் மறையும் வரை அதை நடத்தினார். எண் சுற்றுகளுக்குக் கரோல் வோர்டர்மனும், 2009 முதல் ரேச்சல் ரைலியும் பொறுப்பேற்றனர். 1992 முதல் அகராதி மூலையில் அமர்ந்து சொற்களைச் சரிபார்ப்பவர்களுள் சூசி டென்ட் பலருக்கும் அறிமுகமானவர்.

போட்டியாளர் இருவர். எழுத்துச் சுற்றில் ஒருவர் “உயிர்”, “மெய்” என்று கேட்கக் கேட்க, கவிழ்த்து அடுக்கிய அட்டைகளிலிருந்து ஒன்பது ஆங்கில எழுத்துகள் பலகையில் வரிசையாக வைக்கப்படும். உயிர் மூன்றுக்கும், மெய் நான்குக்கும் குறையக்கூடாது. பிறகு 30 விநாடி. அந்த ஒன்பதைக் கொண்டு, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தி, இயன்றவரை நீளமான சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை எழுத்தோ அத்தனை மதிப்பெண். ஒன்பதையும் பயன்படுத்திவிட்டால் இருமடங்காக 18. நீளமான சொல்லைச் சொன்னவருக்கே மதிப்பெண். நீளம் சமமானால் இருவருக்கும் உண்டு.

காட்டாக, டி, ஆர், ஏ, ஐ, என், எஸ், ஓ, எல், ஜி ஆகிய ஒன்பது வந்தன என்று வைத்துக்கொள்வோம். ரயிலைக் குறிக்கும் ‘ட்ரெயின்’ எவர் கண்ணுக்கும் உடனே படும், அது ஐந்தெழுத்து. பழகியவர் ஐ, என், ஜி மூன்றையும் முதலிலேயே ஓரமாக ஒதுக்கிவிடுவார். ஆங்கிலத்தில் அவை சேர்ந்தால் வினைச்சொல்லின் வால் ஆகிவிடும் அல்லவா! எஞ்சிய எழுத்துகளில் தேடினால் ‘ரோஸ்டிங்’, அதாவது வறுத்தல், எட்டெழுத்தில் கிடைக்கும். அதே எட்டெழுத்தை மாற்றி அடுக்கினால் ஆர்கன் வாசிப்பவரைக் குறிக்கும் ‘ஆர்கனிஸ்ட்’ வந்து நிற்கும். சமையலறைக்காரர் முன்னதையும், இசையறிந்தவர் பின்னதையும் காண்பார். ஒருவர் என்ன சொல்லைக் கண்டெடுக்கிறார் என்பதில் அவர் வாழ்ந்த வாழ்க்கையும் கொஞ்சம் தெரியும்.

எண் சுற்றில் 24 அட்டைகள். 25, 50, 75, 100 என்ற பெரிய எண்கள் நான்கு. 1 முதல் 10 வரை இரண்டிரண்டாகச் சிறிய எண்கள் இருபது. அவற்றிலிருந்து ஆறு எடுக்கப்படும். கணினி மூன்றிலக்க எண் ஒன்றைத் தரும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றால் அதை எட்ட வேண்டும். ஆறையும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. சரியாக எட்டினால் 10 மதிப்பெண், ஐந்துக்குள் நெருங்கினால் 7, பத்துக்குள் நெருங்கினால் 5. இங்கும் இருவரில் மேலும் நெருங்கியவருக்கே மதிப்பெண். 75, 50, 8, 7, 3, 2 ஆகியவை வந்து, இலக்கு 423 என்றால், 50ஐ 8ஆல் பெருக்க 400. ஏழு மூன்று இருபத்தொன்று, ஆக 421. மிஞ்சிய 2ஐக் கூட்டினால் முடிந்தது. 75 சும்மா கிடக்கட்டும். கடைசி 2ஐக் கவனிக்காமல் 421இலேயே நின்றவருக்கும் மதிப்பெண்ணுக்கு வழி உண்டு. இந்த விதியை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இச்சுற்றின் புகழ்பெற்ற விடை ஒன்றையும் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1997இல் 25, 50, 75, 100, 3, 6 ஆகியவை வந்து இலக்கு 952 என்றானது. போட்டியாளர் ஒருவர் 100உடன் 6ஐக் கூட்டி, 3ஆல் பெருக்கி, மீண்டும் 75ஆல் பெருக்கி 23,850 என்று போய்விட்டார். அரங்கமே திகைக்க, அதில் 50ஐக் கழித்து 25ஆல் வகுத்தார்: 952. கணக்கில் ஆர்வமுள்ள வாசகர்கள் பேனா எடுத்துச் சரிபார்க்கலாம்.

வீட்டிலிருப்போர் எப்படி ஆடுகிறார்கள்?

தொலைக்காட்சி பொதுவாக நம்மை வாய்மூடிப் பார்க்கவைக்கும் கருவி. இந்நிகழ்ச்சியில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அரை நிமிடம் திரையில் ஏறத்தாழ எதுவுமே நிகழ்வதில்லை. கடிகார முள் நகர்கிறது, இசை ஒலிக்கிறது, எழுத்துகள் நிற்கின்றன. அந்த அரை நிமிடம் வீட்டிலிருப்பவருக்கென்றே விடப்பட்டது. அவர் தாளில் கிறுக்குகிறார். போட்டியாளர் வாய் திறப்பதற்குள் “ஏழு!” என்று அறையில் உள்ளவர்களிடம் அறிவிக்கிறார். இதற்குப் பரிசு இல்லை, நடுவர் இல்லை. தமக்கு எட்டாத சொல் வந்தால் வியக்கலாம், தம் சொல் நீளமாயிருந்தால் பெருமிதப்படலாம். பிரிட்டனில் ஓய்வுபெற்றவர்களும் மாணவர்களும் இந்நிகழ்ச்சியை ஒருசேர விரும்பியதற்கு இதுவே காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். தோற்றாலும் யாருக்கும் தெரியாத போட்டி அது.

அந்தப் பெரியவருக்கு இங்கிலாந்தில் கிடைத்தது இந்தச் சுதந்திரம்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து பறிபோனதும் அதுவே. காணொளி அழைப்பில் மகள் கடிகாரம் வைக்கிறார், மனைவி அருகில் நின்று கவலையோடு பார்க்கிறார், “அப்பா, இது உங்களுக்கு எளிதாயிற்றே!” என்ற குரல் ஐயாயிரம் கல் தொலைவிலிருந்து வருகிறது. அன்பு மிகுந்த குரல்தான். ஆயினும் விளையாட்டு அங்கே தேர்வாகிவிட்டது.

மூளையிடம் இந்த ஆட்டம் கேட்பது என்ன?

எழுத்துகளைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் வந்தவர்களுள் சிலருக்கு இடப்புறம் இருப்பது கவனத்துக்கே வருவதில்லை. கண்ணில் குறையில்லை, கவனம் அந்தப் பக்கம் செல்வதில்லை. தட்டில் இடப்பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுபவர்களைக் கவனித்திருப்பீர்கள். அத்தகையவர் முன் ஒன்பது எழுத்துகளை வரிசையாக வைத்தால், அவர் வலப்புறத்து ஐந்தாறு எழுத்துகளை வைத்துக்கொண்டுதான் சொல் தேடுகிறார். “இத்தனை எளிய சொல்கூடத் தெரியவில்லையே” என்று வீட்டார் வருந்துவர். சொல் தெரியாமலில்லை, எழுத்துதான் தெரியவில்லை. இவர்களுக்குத் தாளின் இட ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்றைத் தடிப்பாக இழுத்து, “கோடு தெரியும்வரை பாருங்கள்” என்று நினைவூட்டலாம். எழுத்துகளை மேலிருந்து கீழாக அடுக்குவதும் உதவும்.

இடப்பாதியில் பாதிப்பு வந்தவருக்கு வேறு வகைத் துன்பம். பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் அங்கேதான் உள்ளன. பொருள் தெரியும், முகம் தெரியும், பயன் தெரியும். பெயர் மட்டும் நாவுக்கு வராது. இவர்களுக்கு எழுத்துச் சுற்று மலையேற்றமாக இருக்கக்கூடும். எண்ணைக் கையாளும் திறன் சிலருக்குத் தப்பிப் பிழைத்திருக்கும். சிலருக்கு மொழியோடு அதுவும் குலைந்திருக்கும். கணக்காளராக வாழ்ந்தவருக்கு ஏழெட்டு எவ்வளவு என்பது தடுமாறும்போது, அது வெறும் பெருக்கல் பிழையாக அவருக்குத் தோன்றுவதில்லை. நாற்பதாண்டுத் தொழில் கைநழுவிப் போனதாகவே தோன்றுகிறது. பேனாவைக் கீழே வைத்ததன் பொருளை அம்மையாருக்கு நாங்கள் இவ்வாறுதான் விளக்கினோம்.

அடுத்தது வேகம். பாதிப்பு எந்தப் பக்கமாயினும், சிந்தனையின் வேகம் குறைவது பக்கவாதத்துக்குப் பின் பரவலாகக் காணப்படுவது. வழி அடைபடவில்லை, பயண நேரம் கூடிவிட்டது. முன்பு 20 விநாடியில் கிடைத்த சொல் இப்போது இரண்டு நிமிடத்தில் கிடைக்கலாம். கடிகாரம் 30ஆவது விநாடியில் அடித்துவிட்டால், வரவிருந்த சொல் வராமலே போகும். “தெரியாது” என்று நாம் குறித்துக்கொள்ளும் பல விடைகள் உண்மையில் “இன்னும் வரவில்லை” என்பவையே.

ஆகவே அம்மையாருக்கு நாங்கள் சொன்ன முதல் விடை இதுதான்: விளையாட்டை நிறுத்த வேண்டாம்; கடிகாரத்தை நிறுத்துங்கள். நிகழ்ச்சியைப் பதிவாகப் பார்ப்பவர்கள் எழுத்துகள் வந்ததும் திரையை நிறுத்திவைத்து, வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம். இசையையும் அடக்கிவிடுங்கள், ஓசை நடுவே சிந்திப்பது இவர்களுக்குக் கடினம். கடைசியில் வரும் ஒன்பதெழுத்துப் புதிர்ச்சுற்றை விட்டுவிடுங்கள். முதலில் மணியை அழுத்தியவருக்கே அதில் வாய்ப்பு. வேகத்தைத் தவிர அதில் வேறு எதுவுமில்லை என்பது எங்கள் கருத்து.

சொல் தொண்டையில் நிற்கும்போது முழுச் சொல்லையும் நாம் எடுத்துக் கொடுத்துவிடக்கூடாது. முதல் ஒலியை மட்டும் சொல்லிக் காத்திருங்கள்; பலருக்கு அதுவே போதும். எண் சுற்றில் ஒவ்வொரு படியையும் தாளில் எழுதட்டும். 400ஐ மனத்தில் பிடித்துக்கொண்டே இருபத்தொன்றைத் தேடுவது நலமாயிருப்பவர்க்கே எளிதன்று. நாம் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன விதி இங்கேதான் கைகொடுக்கிறது: நெருங்கி வந்த விடைக்கும் மதிப்பு உண்டு. வீட்டில் அதை இன்னும் தாராளமாக்கி, ஒப்பீடே இல்லாமல் மதிப்பெண் கொடுங்கள். “421 வரைக்கும் வந்துவிட்டீர்களே அப்பா, நான் 400லேயே நின்றுவிட்டேன்” என்று மகள் சொல்லலாம். ஆனால் அது உண்மையாக இருக்கும்போது மட்டும். வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதை நோயாளர்கள் உடனே கண்டுகொள்வார்கள். அது தோல்வியைவிடக் கசக்கும். இருவரும் ஒரே அணியாக இருந்து திரையிலுள்ள போட்டியாளரை எதிர்த்து ஆடுவது எல்லாவற்றினும் நன்று. காலையிலிருந்து மருந்து, குளியல், டயப்பர் என்று ஒருவர் செய்ய மற்றொருவர் பெற்றுக்கொண்டே இருக்கும் வீட்டில், அந்தச் சில நிமிடங்களாவது இருவரும் ஒரு பக்கமாக அமர்ந்து ஒரே தாளைப் பார்க்கிறார்கள்.

இரண்டு சுற்று போதும். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு, தூங்கி எழுந்தாலும் தீராத வகையைச் சேர்ந்தது. கண்ணாடி, காது கேட்கும் கருவி இரண்டும் அணிந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இது சொல்ல வேண்டிய செய்தியா என்று எண்ணாதீர்கள். கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு நினைவுத்திறன் போய்விட்டது என்று வருந்திய குடும்பங்கள் உண்டு.

ஆங்கிலம் அறியாதவர்களுக்கு

இந்த ஆட்டத்தை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தால் இடறும். நம் மொழியில் உயிரும் மெய்யும் கூடி ஓரெழுத்தாகிவிடுவதால், உயிர் ஓர் அடுக்கும் மெய் ஓர் அடுக்குமாக வைத்து ஆடுவது இயல்பாக இராது. எங்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள் வேறு வழி செய்திருக்கிறார்கள். பழைய நாட்காட்டி அட்டைகளைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் அகர வரிசை எழுத்தைப் பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்தோடு கால், கொம்பு, புள்ளி என எதையும் விரும்பியபடி சேர்த்துக்கொள்ளலாம். க, ட, ல, ம, ர, ப, த, வ, ன என்ற ஒன்பது விழுந்தால் கடல், படகு, கதவு எளிதில் வரும். சற்றே முயன்றால் பருவம், கவனம், தலைவன் வரும். வார்டில் கிராமத்துப் பெரியவர் ஒருவர் எங்களையெல்லாம் முந்திக்கொண்டு ‘கருவேலம்’ என்றார். ஐந்தெழுத்து! படித்த நாங்கள் நால்வரும் நான்கெழுத்தில் நின்றிருந்தோம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையே வேண்டாம். ‘க’வில் தொடங்கும் சமையலறைப் பொருள்களை மாறி மாறிச் சொல்லலாம். எண்ணுக்கு ரூபாய்த் தாள்கள் போதும். 10, 20, 50, 100, 200 ஒவ்வொன்றிலும் ஒரு தாளை மேசையில் பரப்பி, “230 எடுங்கள்” எனலாம், பிறகு 170, ஐந்து தாளும் தீரவேண்டுமென்றால் 380. சந்தையில் காய்கறி விற்ற அம்மாவுக்கு இது விளையாட்டாகவே படாது, அத்தனை பழக்கம்.

இவ்வாறு சொல்லும் எண்ணும் சிகிச்சைக்குள் நுழைந்தது புதிதன்று. மறதிநோயின் தொடக்க, நடுத்தர நிலைகளில் உள்ளவர்களுக்கென ‘அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை’ என்ற குழுப் பயிற்சி பிரிட்டனில் உருவாக்கப்பட்டது. ஏமி ஸ்பெக்டரும் அவருடன் பணியாற்றியோரும் 2003இல் அதன் பயனை ஆய்வு மூலம் காட்டினர். வாரம் இரண்டு அமர்வாக ஏழு வாரங்களில் 14 அமர்வுகள். அவற்றுள் சொல் விளையாட்டுக்கு ஓர் அமர்வு, எண் விளையாட்டுக்கு ஓர் அமர்வு, பணத்தைக் கையாள்வதற்கு ஓர் அமர்வு உண்டு. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நெறி 2018இல் இதைப் பரிந்துரைத்துள்ளது. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பினர் தமிழ் பேசுவோருக்கு ஏற்ப இதைத் தகவமைத்திருக்கின்றனர். இதன் அடிப்படை நெறிகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் உவப்பானது: சரியான விடையைக் கேட்பதைவிடக் கருத்தைக் கேட்பதற்கு முதலிடம். “இது என்ன?” என்று கேட்டால் தவறக்கூடும், “இவற்றில் உங்களுக்கு எது பிடிக்கும்?” என்று கேட்டால் தவறவே முடியாது. பயிற்சி பெற்றவர் நடத்தும் குழுச் சிகிச்சையும் வீட்டில் நாம் ஆடும் ஆட்டமும் ஒன்றல்ல. ஆயினும் இந்த நெறியை வீட்டுக்குக் கடன்வாங்கலாம்.

எதிர்பார்க்கக் கூடாததையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். இவ்விளையாட்டு மறதிநோயைத் தடுக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. சொல் தேடிப் பழகியவர் சொல் தேடுவதில் தேர்வார். அதனால் மாத்திரை வேளையை மறக்காதிருப்பார் என்று சொல்வதற்கில்லை. இரத்த அழுத்த மருந்தும் நடைப்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் இருக்கும் இடத்தில் இதை வைத்துவிடாதீர்கள். வாராவாரம் மதிப்பெண்ணைக் குறித்துவைத்து நோயின் போக்கை அளக்கவும் முயல வேண்டாம். தூக்கம், மலச்சிக்கல், முந்திய நாளின் மனவருத்தம் எதுவும் அந்த எண்ணை மாற்றிவிடும்.

இரண்டு நிலைகளில் மட்டும் எங்களிடம் வரத் தாமதிக்காதீர்கள். ஒன்று: விளையாட்டில் மட்டுமன்றி உணவிலும் உறவினர் வருகையிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்கள் கடந்துவிட்டால். பக்கவாதம் வந்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் ஏற்படுகிறது. அதற்கு மருத்துவம் உண்டு. மற்றொன்று மிக அவசரமானது: நேற்று வரை வந்த சொல் இன்று திடீரெனக் குழறினால், வாய் ஒருபக்கம் கோணினால், பேனா பிடித்த கை தளர்ந்தால் ஓய்வெடுக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதிலும் முந்தினால் நன்று. நன்றாயிருந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். விளையாட்டில் பயன்படாத கடிகாரம் பயன்பட வேண்டிய இடம் அதுதான்.

பெரியவரின் இரவு உணவைப் பற்றி அம்மையாரிடம் நாங்கள் விரிவாகக் கேட்டோம். மற்ற நாட்களில் நன்றாகவே உண்கிறார், ஞாயிறு மட்டும்தான் என்றார். மகளிடம் நாங்களே பேசினோம். இப்போது அவர் கடிகாரம் வைப்பதில்லை; ஒன்பது எழுத்துகளைச் சனிக்கிழமையே அனுப்பிவிடுகிறார். பெரியவர் அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டச் சொல்லி, போகவர ஒரு சொல்லாக எழுதிவருகிறார். சென்ற ஞாயிறு அழைப்பில் முதலில் பேசியவர் அவர்தானாம்: “என்னிடம் ஏழு இருக்கிறது. உன்னிடம் எத்தனை?”